பெட்டி என் கையில் இருந்தது

நீதிமன்றத்து ஆட்கள் அவளுக்குப் பெட்டியம்மா என்று பெயர் வைத்திருந்தார்கள். பாதி கேலி, பாதி அலுப்பு. வாய்தாவுக்கு வாய்தா வந்து நின்று, கண்ணில் படுகிற ஆளையெல்லாம் மறித்து, "ஐயா, அந்த இஸ்திரிப் பெட்டி விஷயம்..." என்று ஆரம்பித்தால் அவர்கள்தான் என்ன செய்வார்கள்? வாசலில் காவல் நிற்கிறவரிலிருந்து உள்ளே உட்கார்ந்திருக்கிற குமாஸ்தாவரை, அவள் தலை தெரிந்ததுமே கையிலுள்ள காகிதத்துக்குள் முகத்தைப் புதைத்துக்கொள்வார்கள். அது அவளுக்கும் தெரியும். தெரிந்தும் கேட்பாள். கேட்காமல் வீட்டுக்குப் போனால் ராத்திரி சாப்பாடு இறங்குவதில்லை.

அவளும் புருஷனும் தெருமுனையில் ஓர் இஸ்திரிக் கடை வைத்திருந்தார்கள். கடை என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். ஒரு நீள மேசை, அதன்மேல் மடித்துப் போட்ட கம்பளி, துணி மூட்டைகளை அடுக்க ஒரு பலகை, இரண்டு பேர் ஒரே சமயத்தில் திரும்பினால் முட்டிக்கொள்கிற இடம். சட்டை, கால்சட்டை எல்லாம் அவர் பார்ப்பார். போர்வையும் பள்ளிக்கூடச் சீருடையும் அவள் பொறுப்பு. மின்சாரப் பெட்டி இரண்டு இருந்தது. அதில் பழைய, கனமான பெட்டி அவளுடையது. கனமான பெட்டியில் ஒரு வசதி உண்டு. கையால் அழுத்த வேண்டாம், அதன் எடையே வேலையைச் செய்துவிடும்.

இந்தத் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த ஒரு சாமர்த்தியம் இருக்கிறது. துணி கருகிவிட்டால், கருகல் உள்ளே போகிற மாதிரி மடித்து, மேலே பளிச்சென்று இருக்கிற பக்கத்தைக் காட்டி, சிரித்த முகத்தோடு கொடுத்துவிட வேண்டும். வீட்டில் பிரித்துப் பார்த்துவிட்டு அவர்கள் சண்டைக்கு வந்தால், வரும்போதே அப்படித்தான் இருந்தது என்று சாதிக்க வேண்டும். அவள் புருஷனுக்கு அந்தச் சாமர்த்தியம் வரவே இல்லை. கருகினால் துணியைப் பிரித்து வாடிக்கையாளர் முகத்துக்கு நேரே நீட்டிவிடுவார். "இங்க பாருங்க, கருகிடுச்சு. என் தப்புதான்" என்பார். அவள் தலையில் அடித்துக்கொள்வாள். "ஊருக்கு இல்லாத யோக்கியம் நமக்கு மட்டும் எதுக்கு?" என்று எத்தனையோ முறை கேட்டிருக்கிறாள். அவர் சிரித்துவிட்டு அடுத்த சட்டையை எடுப்பார்.

அப்படி ஒரு சட்டையில்தான் எல்லாம் போனது. மறுநாள் வேலைக்கு நேர்முகத் தேர்வு என்று ஓர் இளைஞன் கொடுத்துவிட்டுப் போன சட்டை. பையின் மேல் கட்டைவிரல் அளவுக்குக் கருகல். வாங்க வந்தவனிடம் அவர் வழக்கம்போலப் பிரித்துக் காட்டினார். அவன் கத்தினான். அவர் மன்னிப்புக் கேட்டார். கேட்கக் கேட்க அவனுக்குக் கோபம் இன்னும் ஏறியது. இரண்டு கையையும் அவர் மார்பில் வைத்துத் தள்ளினான். பின்னால் போன கால் துணி மூட்டையில் தடுக்கி, அவர் மல்லாந்து விழுந்து, வாசல்படிக் கல்லின் விளிம்பில் பின்தலை மோதியது. பிறகு அவர் எழுந்திருக்கவில்லை. அவன் ஓடவும் இல்லை. பேயறைந்தவன்போல நின்று, பிறகு தெருவில் போன வண்டியை மறித்து, அவரைத் தூக்கி ஏற்றியவனும் அவன்தான். இவ்வளவு நேரமும் அவள் மேசைக்கு இந்தப் பக்கம் போர்வை தேய்த்துக்கொண்டிருந்தாள். பெட்டி அவள் கையில் இருந்தது. எப்போது கீழே வைத்தாள் என்பதே அவளுக்கு நினைவில்லை. அது இருந்த இடத்தில் போர்வை அப்படியே பொசுங்கிக் கிடந்ததை மறுநாள்தான் பார்த்தாள்.

ஆஸ்பத்திரி நடையில் யாரோ ஒரு காகிதத்தை நீட்டினார்கள். கையெழுத்துப் போட்டாள். அன்றைக்கு எதை நீட்டியிருந்தாலும் போட்டிருப்பாள்.

அடக்கம் முடிந்த மறுநாள் ஏட்டு ஒருவர் கடைக்கு வந்து, அவளுடைய பெட்டியை ஒரு துணியில் சுற்றிக் கட்டத் தொடங்கினார். கூடவே அவள் கொழுந்தனும் நின்றான்.

"இது எதுக்குங்க?" என்றாள்.

"கேஸ் சொத்தும்மா. இதால அடிச்சுத்தானே கொன்னான்?"

"யார் சொன்னது?"

"நீங்கதான். கையெழுத்துப் போட்டிருக்கீங்களே."

"ஐயா, பெட்டி என் கையில இருந்துது. நான் போர்வை தேய்ச்சிட்டிருந்தேன். அவன் தள்ளினான். பெட்டியத் தொடவே இல்ல."

ஏட்டு கொழுந்தனைப் பார்த்தார். கொழுந்தன் தரையைப் பார்த்தான். "நீங்க அதிர்ச்சியில இருக்கீங்கம்மா. கொஞ்ச நாள் போனா எல்லாம் சரியா ஞாபகம் வரும்" என்று சொல்லிவிட்டு ஏட்டு முடிச்சை இறுக்கினார்.

அவர் போனபின் கொழுந்தன் மெதுவாகச் சொன்னான். "அண்ணி, சும்மா தள்ளினான்னு சொன்னா என்ன ஆகும் தெரியுமா? கொஞ்ச நாள்ல வெளிய வந்துடுவான். அண்ணன் உயிருக்கு அவ்வளவுதானா? இன்ஸ்பெக்டரே சொல்றாரு, கேஸ் நிக்கணும்னா கையில ஏதாவது இருந்திருக்கணும்னு."

கொழுந்தன் கெட்டவன் இல்லை. அண்ணன்மேல் உயிரையே வைத்திருந்தவன். அதனால்தான் அவளுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. எதிரில் நிற்பவன் அயோக்கியனாக இருந்தால் நாலு வார்த்தை கேட்டுவிட்டுப் போய்விடலாம். அழுது வீங்கிய கண்ணோடு நிற்கிறவனிடம் என்ன பேசுவது? பெட்டி போன திசையையே பார்த்துக்கொண்டு நின்றாள். இவர்கள் கருகலை உள்ளே வைத்து மடிக்கிறார்கள் என்று பட்டது. அதுவும் அவர் பெயரைச் சொல்லி.

அன்று தொடங்கியது அந்த அலைச்சல். இன்ஸ்பெக்டரிடம் போனாள். கோர்ட்டில் சொல்லுங்கள் என்றார். கோர்ட்டுக்குப் போனாள். உங்கள் முறை வரும்போது சொல்லுங்கள் என்றார்கள். அந்த இளைஞனுக்கு அரசாங்கம் அமர்த்திய இலவச வக்கீலிடம் போனாள். அவர் பதறிப்போய், "நீங்க அவங்க தரப்புச் சாட்சிம்மா, நான் உங்ககிட்டப் பேசினாலே தப்பாயிடும்" என்று கையெடுத்துக் கும்பிட்டு நகர்ந்தார். அரசு வக்கீல் முழுதும் கேட்டார். கேட்டுவிட்டு மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். அதற்குப்பிறகு அவளைக் கண்டால் வேறு பக்கமாக நடக்க ஆரம்பித்தார்.

முறை வருவது என்பது லேசில் நடக்கிற காரியமா? ஒருநாள் நீதிபதி விடுப்பு. ஒருநாள் வக்கீல்களுக்குள் தகராறு, யாரும் உள்ளே வரவில்லை. ஒருநாள் அவனைச் சிறையிலிருந்து கொண்டுவர வண்டி இல்லை. நீதிபதி மாறினார். வந்தவர் கேஸைப் படித்து முடிப்பதற்குள் அவரும் மாறினார். ஆறாம் வகுப்பில் இருந்த அவள் மகள் அதற்குள் படிப்பை முடித்து வேறு ஊரில் வேலைக்கே போய்விட்டாள். கனமான பெட்டி போனதால் மிச்சமிருந்த லேசான பெட்டியை வைத்து அழுத்தி அழுத்தி அவளுடைய வலது தோள் இறங்கிப்போனது. ராத்திரியில் அந்தப் பக்கம் திரும்பிப் படுக்க முடியாது. அந்த இளைஞனுக்கு ஜாமீனும் கிடைக்கவில்லை. பெட்டியால் அடித்துக் கொன்றவனுக்கு யார் ஜாமீன் கொடுப்பார்கள்?

ஒரு வாய்தாவும் அவள் விட்டதில்லை. கூப்பிடுகிற அன்றைக்கு ஆள் இல்லை என்று சொல்லி அவளைத் தள்ளிவிட்டு மேலே போய்விடுவார்கள் என்ற பயம். பயத்துக்கும் காரணம் இருந்தது.

அந்த நீதிமன்ற நடையில் பெஞ்சு ஒன்றே ஒன்றுதான். ஒரு கால் ஆடும். அதன் இந்தக் கோடியில் அவள் உட்கார்ந்தால் அந்தக் கோடியில் ஒரு அம்மாள் உட்காருவாள். மாணவர் விடுதி ஒன்றில் சமையல் வேலை. விடியற்காலையில் எழுந்து வேலையை முடித்துவிட்டு ஓடிவருவதால் உட்கார்ந்ததுமே தலை தொங்கிவிடும். அவள் கிட்டே வந்தாலே வெங்காய வாசனை. அவள்தான் அந்த இளைஞனைப் பெற்றவள்.

முதல் வருஷம் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. நடுவில் இரண்டு பேருடைய பைகளும் மதில்சுவர்போல உட்கார்ந்திருக்கும். பேசவைத்தது கழிப்பறை. பெண்களுக்கான கழிப்பறை கீழ்த்தளத்தில், கட்டடத்தின் மறுகோடியில் இருந்தது. போய்விட்டு வருவதற்குள் கேஸைக் கூப்பிட்டுவிட்டால்? ஒருநாள் சமையல்காரம்மாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நெளிந்தாள். இவளுக்குப் பொறுக்கவில்லை.

"போயிட்டு வாங்க. கூப்பிட்டா நான் வந்து சொல்றேன்."

திரும்பிவந்து சமையல்காரம்மாள் தயங்கித் தயங்கிச் சொன்னாள். "உங்ககிட்டப் பேசக்கூடாதுன்னு வக்கீல் சொல்லியிருக்காரு."

"என்கிட்டயும் அப்படித்தான் சொல்லியிருக்காங்க."

"இடம் பாத்துக்கலாம் இல்ல?"

"இடம் பாத்துக்கலாம்."

அதன்பிறகு ஒருத்தி எழுந்துபோனால் இன்னொருத்தி என்று மாறி மாறி இடம் பார்த்துக்கொண்டார்கள். முட்டிவலியைப் பற்றிப் பேசுவார்கள். பஸ் நிற்காமல் போனதைப் பற்றிப் பேசுவார்கள். சாப்பாட்டு நேரத்தில் டப்பா மூடியைத் திறந்து, கொஞ்சம் இந்தப் பக்கம், கொஞ்சம் அந்தப் பக்கம் தள்ளுவார்கள். கேஸைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை கிடையாது. எத்தனையோ தடவை அவளுக்கு நாக்கு நுனிவரை வந்திருக்கிறது. 'அக்கா, உங்க பையன் பெட்டியத் தொடல, எனக்குத் தெரியும்' என்று சொல்லிவிட்டால் அந்த அம்மாள் அன்றைக்காவது தூங்குவாள். சொல்லவில்லை. சொன்னால் பேசிவைத்துக்கொண்டு வந்தாள் என்று ஆகிவிடும். பக்கத்தில் ஒருத்தி தினம் தினம் உருகுவதைப் பார்த்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டிருப்பது சாமானியப்பட்ட வேலை இல்லை. அவளுக்கு அந்தப் பெஞ்சில் பாதி ஆயுசு கரைந்தது அதனால்தான்.

ஒருநாள் கோர்ட்டுக்கு வந்த கொழுந்தன் இருவரும் சேர்ந்து சாப்பிடுவதைப் பார்த்துவிட்டான்.

"அண்ணனை எவ்வளவுக்கு வித்தீங்க அண்ணி?" என்று நடையே திரும்பிப் பார்க்கிற மாதிரி கேட்டான்.

அவள் டப்பாவை மூடினாள். அதற்குப்பிறகு அவன் அவளோடு பேசுவதை விட்டுவிட்டான். மகளும் போனில் ஒருமுறை கேட்டாள். "அவங்க சொல்றபடியே விட்டுட்டா என்னம்மா? அவன் தள்ளாம இருந்தா அப்பா இருந்திருப்பாரு இல்ல?" அதற்கு மட்டும் அவளிடம் பதில் இருந்தது. "இருந்திருப்பாரு. இருந்திருந்தா, இந்தப் பெட்டிக் கதையப் பிரிச்சு அவங்க மூஞ்சிக்கு நேரே நீட்டியிருப்பாரு" என்றாள். சொன்னபிறகு வெகுநேரம் அழுதாள்.

கடைசியில் அவள் பயந்த நாள் வந்தது. கேஸைக் கூப்பிட்டார்கள். மூன்றாவதாக வந்திருந்த நீதிபதி அம்மாளுக்கு அன்று ஜலதோஷம். அரசு வக்கீல் எழுந்து, கொழுந்தனையும் பக்கத்துக் கடைக்காரரையும் விசாரித்தாகிவிட்டது, மிச்சமிருக்கும் சாட்சி சொல்வதும் அதேதான், ஆகவே அவரை விசாரிக்கப் போவதில்லை என்றார். நீதிபதி எதையோ குறித்துக்கொள்ளக் குனிந்தார். இலவச வக்கீல், அந்தக் கேஸுக்கு வந்த நாலாவது ஆள், தன் காகிதங்களைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

பின்வரிசையிலிருந்து அவள் எழுந்தாள்.

"அம்மா, அந்தச் சாட்சி நான்தான். நான் இங்கதான் இருக்கேன்."

"உங்களை யாரு பேசச் சொன்னது? உக்காருங்க" என்றார் நீதிபதி.

அவள் உட்கார்ந்தாள். உட்கார்ந்தவள் மறுபடி எழுந்தாள். "ஒரு வாய்தா விடாம வந்திருக்கேன்மா. ஒரே ஒரு வார்த்தை சொல்லணும்."

சிரிப்புக் கேட்டது. பெட்டியம்மா என்று குமாஸ்தா முணுமுணுத்தார். நீதிபதி மூக்கைத் துடைத்துக்கொண்டு அவளையே கொஞ்சநேரம் பார்த்தார். பிறகு அரசு வக்கீலிடம், "இறந்தவரோட மனைவி. கூடவே இருந்தவங்க. இவங்களை ஏன் விடுறீங்க?" என்று கேட்டார். அவர் ஏதோ சொன்னார். சொன்னது அவருக்கே சரியாகக் கேட்டிருக்காது. "கூண்டுல ஏறச் சொல்லுங்க" என்றார் நீதிபதி.

பெட்டியைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார்கள். எத்தனையோ வருஷத்துக்குப்பின் பார்க்கிறாள். அடியில் துரு ஏறியிருந்தது. ஒயரை யாரோ கன்னாபின்னாவென்று சுற்றியிருந்தார்கள். இப்படியா சுற்றுவது, உள்ளே அறுந்துபோகுமே என்றுதான் முதலில் நினைத்தாள். பிறகு நிமிர்ந்து, தள்ளினதிலிருந்து விழுந்ததுவரை சொன்னாள். பெட்டி எங்கே இருந்தது என்று கேட்டதற்கு, "என் கையில இருந்தது" என்றாள். அந்த மூன்று வார்த்தைக்குத்தான் இத்தனை வருஷம்.

அரசு வக்கீல் விடவில்லை. "போலீஸ்ல வேற மாதிரி சொல்லியிருக்கீங்களே?"

"நான் சொல்லலை ஐயா. எழுதியிருந்தாங்க. புருஷன் உள்ள செத்துக் கிடக்கும்போது நீட்டினாங்க, போட்டேன்."

"அந்தப் பையனோட அம்மாவும் நீங்களும் ஒரே பெஞ்சுல உக்காந்து சாப்பிடுறீங்களாமே?"

"வேற பெஞ்சு போடலையே ஐயா."

நீதிபதிகூடச் சிரித்துவிட்டார். சிரித்த முகம் மாறி, பேனாவைக் கீழே வைத்துவிட்டு அவரே கேட்டார். "அந்தப் பையன்மேல உங்களுக்குக் கோபம் இல்லையா?"

அவள் அப்போதுதான் அவனை நேருக்கு நேர் பார்த்தாள். இரண்டு காவலர்களுக்கு நடுவில், முன்வழுக்கை விழுந்து, தோள் குறுகி நின்றான். நேர்முகத் தேர்வுக்குப் போகவிருந்த அந்த முகம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

"இருக்கும்மா. நிறைய இருக்கு. செத்தாலும் போகாது. தள்ளினான், அதுக்கு என்ன உண்டோ குடுங்க. ஆனா என் கோபத்துக்காகப் பெட்டிய அவன் கையில குடுக்க முடியாது."

கூண்டைவிட்டு இறங்கி வந்தபோது பெஞ்சின் அந்தக் கோடியில் சமையல்காரம்மாள் உட்கார்ந்தபடியே தூங்கிக்கொண்டிருந்தாள். கேஸைக் கூப்பிட்டதோ உள்ளே நடந்ததோ எதுவும் அவளுக்குத் தெரியாது. எழுப்ப மனம் வரவில்லை. விழுந்துகிடந்த அவள் பையை எடுத்து மடியருகே வைத்துவிட்டு இவள் பஸ்ஸுக்கு நடந்தாள்.

தீர்ப்பு இன்னும் சில வாய்தா கழித்து வந்தது. கொலை இல்லை, தள்ளியதால் நேர்ந்த சாவு என்றார்கள். கொடுத்த தண்டனையில் உள்ளே இருந்த காலத்தைக் கழித்தால் மிச்சம் எதுவும் இல்லை. சொல்லப்போனால் கொஞ்சம் அதிகமாகவே இருந்துவிட்டிருந்தான். அந்த அதிகத்தை யார் திருப்பிக் கொடுப்பது என்று எந்தக் காகிதத்திலும் இல்லை. அன்று சாயங்காலம் மகள் கூப்பிட்டாள்.

"முடிஞ்சுதாம்மா?"

"முடிஞ்சுது. அவன் வீட்டுக்குப் போறான்."

"நீ சாப்பிட்டியா?" என்று கேட்டாள் மகள்.

மேல்முறையீட்டுக்கான காலம் முடிந்தபின், பொருளைத் திரும்பப் பெற்றுக்கொள்ளச் சொல்லி அவளுக்கு ஆள் வந்தது. போனாள். பழக்க தோஷத்தில் நேரே அந்தப் பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். கொஞ்சநேரத்தில் சமையல்காரம்மாள் வந்து தன் கோடியில் உட்கார்ந்தாள். அவனும் கூட வந்திருந்தான், தூரத்தில் சுவரோரமாக நின்றான். அவனுக்கும் வாங்கவேண்டிய பொருள் இருந்தது. கேஸ் சொத்தாகப் போயிருந்த அந்தச் சட்டை.

சமையல்காரம்மாள் அவள் கையைப் பிடித்துக்கொள்ள வந்தாள். வந்த கை பாதியில் நின்றது. "நீங்க ஒருநாளும் சொல்லலையே. இத்தனை நாள் பக்கத்துலயே இருந்துட்டு..." என்றாள்.

"இடம் பாத்துக்கலாம்னுதானே பேச்சு அக்கா" என்றாள் இவள். அக்கா என்று வாய்விட்டுக் கூப்பிட்டது அதுதான் முதல்தடவை.

முதலில் அவனைக் கூப்பிட்டுச் சட்டையைக் கொடுத்தார்கள். மடித்திருந்ததைப் பிரித்தான். பையின் மேல் அந்தக் கருகல் அப்படியே இருந்தது. பிரித்தபடியே கையில் வைத்துக்கொண்டு நின்றான், மடிக்கத் தெரியாதவன்போல. பிறகு அவளைக் கூப்பிட்டார்கள். பெட்டியை ஒரு பெரிய பையில் போட்டுக்கொண்டு வெளியே வந்தாள். அது அவ்வளவு கனம் என்பதே மறந்துபோயிருந்தது. இறங்கிப்போன தோளில் மாட்ட முடியாமல், படிக்கட்டின் மேல்படியில் பையைக் கீழே வைத்து மூச்சுவாங்கினாள்.

அவன் ஓடிவந்தான். குனிந்து பைக்குள் கையை விடப்போனான்.

"தொடாதே" என்றாள்.

அவன் கை அந்தரத்தில் நின்றது. அவள் குரலில் இப்போது கோபமில்லை, களைப்பு மட்டும்தான் இருந்தது.

"இத நீ தொடவே இல்லைன்னு சொல்றதுக்குத்தான் நான் இத்தனை வருஷம் இங்க வந்து உக்காந்தேன். அது அப்படியே இருக்கட்டும்."

அவன் இரண்டு கையையும் இழுத்து, கருகிய சட்டையோடு சேர்த்து மார்பில் அணைத்துக்கொண்டு விலகி நின்றான். சமையல்காரம்மாள் வந்து பையின் ஒரு காதைப் பிடித்தாள். மறு காதை இவள் பிடித்தாள். இருவருக்கும் முட்டிவலி. ஒவ்வொரு படியாக நின்று நின்று இறங்கினார்கள்.